அந்நியத்தன்மை உறுதிப் படிவம்

என்னை யாரென்றே தெரியாது என்று பத்துக் குடும்பத் தலைவர்கள் எழுத்தில் தந்தால்தான் எனக்கு மானிடவியலில் சிறப்புப் பட்டம் கிடைக்கும் என்று பேராசிரியர் தில்லைநாதன் சொன்னபோது, அது சுலபமான காரியம் என்றே நினைத்தேன். இருபத்திரண்டு வயதுவரை என்னைத் தெரிந்துவைத்திருப்பதற்கான காரணம் எதையும் நான் ஒருவருக்கும் கொடுத்திருக்கவில்லை.

நான் படித்தது பரராசசேகரன் மேற்கல்விக் கழகத்தில். கொக்குவிலில் ரயில் பாதையை ஒட்டி இருந்தது. ரயில் போகும்போது விரிவுரை நிற்கும். ரயில் போய்ச் சேர்ந்த பிறகும் சில வேளை தொடங்காது. மூன்று துறைகள்: வணிகம், தமிழ், மானிடவியல். வணிகம் படித்தவனுக்கு வங்கி இருந்தது. தமிழ் படித்தவனுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. மானிடவியல் படித்தவனுக்கு மானிடர் இருந்தார்கள்.

அந்த 1976ஆம் ஆண்டில் மட்டும் அதிசயமாக, துறையில் உதவி விரிவுரையாளர் பதவி ஒன்று காலியாக இருந்தது. சிறப்புப் பட்டம் எடுப்பவனுக்கு அது கிடைக்கும். ஆய்வேடு வெட்டுப்பட்டால் பொதுப் பட்டம். உடுவிலில் என் அம்மா வினிபிரட், ஓய்வுபெற்ற மிசன் பள்ளிக்கூட ஆசிரியை, "மகன் லெக்சரராப் போறான்" என்று ஆலயத்தில் பாடகர் குழுவுக்கும் போதகருக்கும் அறிவித்து ஆறு மாதமாகியிருந்தது. போதகர் அதற்காக ஒரு தடவை ஜெபமும் செய்துவிட்டார். கடவுள் வரைக்கும் போன விஷயத்தில் நான் பொதுப் பட்டத்தோடு வீட்டுக்குப் போக முடியாது.

"மானிடவியல் எண்டால் என்ன?" என்று பேராசிரியர் தொடங்கினார். கேள்வி கேட்டால் பதிலை அவரே சொல்வது துறையின் வழக்கம். "மனுசரைக் கிட்ட அண்டாமல் அறியிறது. கிட்டப் போனால் உமக்கு அவன்ரை முகம்தான் தெரியும்; சமூகம் தெரியாது. அதாலைதான் விதி ஏழு. ஆய்வாளன் அந்நியனா இருக்க வேணும். இரத்தத்தாலையோ கலியாணத்தாலையோ ஒரு சொட்டு உறவு கண்டுபிடிச்சாலும் ஆய்வேடு வெட்டு. எங்கடை துறையிலை சொந்தக்காரச் சோலிக்கே இடமில்லை, தம்பி." பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "மச்சான், அந்தப் படிவத்தை ஒருக்கா எடும்" என்றார்.

படிவத்தை எடுத்து வந்தவர் சிரேஷ்ட விரிவுரையாளர். பேராசிரியருடைய மனைவியின் தம்பி. அவர் அதை எழுதுவினைஞர் அடைக்கலநாதனிடம் கொடுக்க, அவர் முத்திரை குத்தி என்னிடம் தந்தார். அந்த அறையில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாதவர்கள் அடைக்கலநாதனும் நானும்தான்.

அடுத்தது, நான் அந்நியனாக இருக்கக்கூடிய ஊரைக் கண்டுபிடிப்பது. பேராசிரியர் சுவரிலிருந்த குடாநாட்டுப் படத்தில் உடுவிலில் கவராயத்தின் முள்ளைக் குத்தி ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்குள் இருந்ததெல்லாம் கழிந்தது. வட்டத்துக்கு வெளியே சாவகச்சேரியில் பெரியம்மா இருந்தார், சாவகச்சேரி வெட்டுப்பட்டது. ஊர்காவற்துறையில் அப்பாவின் தம்பி ஒருகாலம் தபாலதிபராக இருந்தார், தீவுகள் வெட்டுப்பட்டன. கடைசியில் வடக்குக் கரையில் புன்னைத்துறை என்ற ஒரு புள்ளி மிஞ்சியது. கடலோடிகளின் ஊர்.

"நீர் புரொட்டஸ்தாந்து, அவை சைவம்," என்றார் பேராசிரியர். "நீர் தோட்டக்காணி, அவை கடல். இதுக்கு மேலை அந்நியம் வேணுமெண்டால் நீர் சந்திரனுக்குத்தான் போகவேணும். அதுக்குக் கழகத்திலை பயணப்படி இல்லை."

ஆய்வேட்டுக்குத் தலைப்பும் அவரே வைத்தார்: 'புன்னைத்துறைக் கடலோடிகளிடையே உறவுமுறை விளிச்சொற்களின் அமைப்பியற் பகுப்பாய்வு'. ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் விஷயம். கூடவே கள நடத்தை விதிகள் என்று இரண்டு பக்கம் தட்டச்சு. வெள்ளைத் தொப்பி அணிய வேண்டும். தேவையின்றிச் சிரிக்கக்கூடாது. ஒரு வீட்டில் ஒரு தேநீர் அருந்தலாம். இரண்டாவது தேநீர் பங்கேற்பு எனக் கருதப்படும். சோறு உறவாகும்.

*

புன்னைத்துறையில் பஸ்ஸால் இறங்கியபோது வெள்ளைத் தொப்பியைக் கண்ட ஆடு ஒன்றுதான் என்னை அந்நியனாக ஏற்றுக்கொண்டது. மனிதரைத் தேடி வாசிகசாலைக்குள் போனேன். அங்கே அறுபது தாண்டிய ஒருவர் பேப்பரை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு மரண அறிவித்தல்களை வாசித்துக்கொண்டிருந்தார். பரமலிங்கம் என்பது அவர் பெயர். ஒருகாலம் பாய்க்கப்பலில் தண்டையலாக, அதாவது கப்பலை நடத்தும் தலைவனாக, பர்மா வரைக்கும் போய் வந்தவர் என்று பிறகு அறிந்தேன். நான் படிவத்தை நீட்டினேன்.

அவர் உரத்து வாசித்தார். "'இப்படிவத்தைச் சமர்ப்பிப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது என இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.' ஆர் தம்பி நீர்?"

"அதைச் சொல்லக்கூடாது, ஐயா. சொன்னால் கையெழுத்து வைக்க ஏலாமல் போயிடும்."

"ஆரெண்டு தெரியாத ஆளுக்கு ஆர் தம்பி கையெழுத்து வைப்பான்?"

"தெரியாதெண்டுதானே ஐயா கையெழுத்து."

"அதுதான் சொல்லுறன். தெரிஞ்ச ஆளெண்டால், பொடியன் கேக்கிறான், பாவம், தெரியாதெண்டு வைச்சுக் குடுக்கலாம். முன்பின் தெரியாத ஒருத்தனுக்கு எப்பிடி வைக்கிறது? நாளைக்குப் பொலிசு வந்து, உமக்கு இவரைத் தெரியாதெண்டு உமக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேட்டால் நான் என்ன சொல்ல?"

படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். மேலும் நான்கு பேரிடம் போனேன். நாலு பேரும் அதையே வேறு வேறு வசனத்தில் சொன்னார்கள். ஒருவர் தேநீர் தந்தார். ஒருவர் தொப்பியைக் கழற்றச் சொல்லி, கழற்றிய பிறகு, "ம், பிழையான பொடியன் மாதிரித் தெரியேல்லை" என்றார். ஆனால் கையெழுத்து? "முதல் நீர் ஆரெண்டு சொல்லும்."

மத்தியானம் திரும்ப வாசிகசாலைக்கு வந்து வாங்கில் குந்தினேன். பரமலிங்கத்தார் பேப்பரை மடித்து வைத்தார்.

"சரி, பேரைச் சொல்லாதையும். ஊரைச் சொல்லலாம்தானே?"

ஊரைச் சொல்வதை விதி தடுக்கவில்லை. "உடுவில்."

"உடுவிலிலை எவடம்?"

"மிசன் கோயிலடி."

"கோயிலுக்குத் தெற்காலையோ வடக்காலையோ?"

"தெற்காலை."

"தெற்காலை எண்டால் டானியல் வாத்தியார் வீடு, அதுக்கங்காலை கிணத்தடி வளவு…"

"டானியல் வாத்தியார்தான் என்ரை அப்பா," என்று வாய் தவறிவிட்டது. யாழ்ப்பாணத்தான் ஒருவன் இப்படியான கேள்விகளுக்கு எவ்வளவு தூரம் பதில் சொல்லாமல் இருக்கலாம் என்று யாராவது அளந்தால் அதுவே நல்ல ஆய்வேடாகும். நான் ஒன்றரை நிமிடம் தாக்குப்பிடித்தேன்.

"அப்ப தாய்?"

"வினிபிரட்."

"தாயின்ரை தாய்?"

"எஸ்தர். அவ செத்துக் கனகாலம். தையல் ரீச்சர்."

பரமலிங்கத்தார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இடக்கையாலை தைக்கிற எஸ்தரோ?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"டேய்!" என்றார் அவர். வாசிகசாலையில் இருந்த மற்ற இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். "அது என்ரை சின்னம்மாவெடா! சின்னாச்சி! உன்ரை ஆச்சியவை ரெண்டு பேர், பொன்னாச்சி, சின்னாச்சி. தேப்பன் போன கப்பல் திரும்பேல்லை. மூத்ததை இஞ்சை கட்டிக் குடுத்தாச்சு. இளையது ஏழு வயசு, வெள்ளைக்கார மிசியம்மா வந்து உடுவில் போடிங் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவ. அங்கைபோய் எஸ்தர் ஆச்சுது. பொன்னாச்சி என்ரை அம்மா. அப்ப உன்ரை கொம்மா எனக்கு ஆர்? தங்கச்சி. நான் உனக்கு ஆர்?"

உறவுமுறை விளிச்சொற்களின் அமைப்பியல் எனக்கு மனப்பாடம். தாயின் சகோதரன். ஒரே ஒரு சொல்தான். அதைச் சொன்னால் ஆய்வேடு வெட்டு.

"மாமா," என்றேன்.

ஒரு மணிக்கு அவர் வீட்டில் பாலேஸ்வரி மாமி விளைமீன் குழம்போடு சோறு போட்டார். விதிகளை வெள்ளைத் தொப்பிக்குள் வைத்துத் தொப்பியைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். மாமா என் தட்டில் இருந்த மீனை எடுத்து, முள்ளுப் பார்த்து, திருப்பி வைத்தார். நான் குழந்தையில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வாய் நிறையச் சோறு.

*

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"கரைப்பக்கம் எங்களுக்கு ஒருத்தருமில்லை."

"அம்மம்மாவின்ரை சொந்த அக்காவின்ரை மகன், அம்மா."

"அம்மம்மா மிசனிலை வளந்தவ. அதுக்கு முன்னம் ஒண்டுமில்லை." எங்கள் குடும்பத்தில் படைப்பு அப்படித்தான், ஆதியிலே போடிங் இருந்தது. "உதை நீ அந்த ஆய்வேட்டிலை எழுதிப் போடாதை. கோயிலிலை ஆரும் கேட்டாலும் வாய் திறவாதை. விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு."

இஸ்திரிப் பெட்டி இரண்டு தரம் போய் வந்தது.

"அவர் இப்பவும் மீனுக்கு முள்ளுப் பாத்துத்தான் குடுக்கிறவரோ?"

"எவர், அம்மா?"

"ஒருத்தருமில்லை," என்றார் அம்மா. சட்டைக் கை மெல்லக் கருகியது.

ஆக, என் பேராசிரியரும் என் அம்மாவும் ஒரே கொள்கைக்காரர். எனக்குக் கொள்கையும் இல்லை, தைரியமும் இல்லை. ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் வாரம் மூன்று நாள் புன்னைத்துறைக்குப் போய் ஆராய்ந்தேன்.

ஆராய்ச்சி நன்றாக நடந்தது. அந்நியனாக ஒரு காலை முழுவதும் அலைந்து எனக்குக் கிடைத்தது ஒரு தேநீர். மருமகனான பிறகு கதவெல்லாம் திறந்தது. விளிச்சொற்கள் தொண்ணூற்றாறு சேர்ந்தன. அதில் நாற்பது என்னையே கூப்பிட்டவை. பதினெட்டு ஏச்சு, அவற்றை 'நெருக்கநிலை விளிகள்' என்று வகைப்படுத்தினேன். 'ஆய்வுக்குட்பட்டோர் ஆய்வாளரிடம் மிகுந்த ஒத்துழைப்புக் காட்டினர்' என்று எழுதினேன். அதன் பொருள், மாமி எனக்கு ஒடியற்கூழ் காய்ச்சி மூன்றாம் கோப்பை ஊற்றினார் என்பது.

கையெழுத்துக்களும் ஒரே பின்னேரத்தில் சேர்ந்தன. மாமாவே படிவத்தைக் கொண்டு ஒழுங்கையெல்லாம் போனார். "இப்ப தெரிஞ்ச ஆள்தானே," என்று வீட்டுக்கு வீடு விளக்கினார். "இனிப் பயமில்லாமல் தெரியாதெண்டு வைக்கலாம்." பத்தாவது கையெழுத்து அவருடையது. எல்லோரும் சத்தியமாக என்னைத் தெரியாதென்று எழுதிவிட்டு, சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள்.

*

ஆய்வேடு கட்டி முடித்து, தங்க எழுத்துப் பொறித்து, சமர்ப்பித்து இரண்டாம் கிழமை பேராசிரியர் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடிதம். எங்கள் ஊரில் யாராவது நல்லாயிருக்கப் போகிறான் என்று தெரிந்தால் அஞ்சலில் முதலில் வருவது வாழ்த்தல்ல, பெட்டிசம்.

'மேற்படி மாணவன் அன்புராஜா ஆய்வுக்குட்பட்டோர் வீட்டில் மூன்று தடவை மீன்குழம்பும் சோறும் உண்டதை நேரிற் கண்டேன். ஆவன செய்யவும். இப்படிக்கு, நீதியின் நண்பன்.'

நீதியின் நண்பனுடைய எழுத்தை எனக்குத் தெரியும். அதே உதவி விரிவுரையாளர் பதவிக்குக் காத்திருந்த, சிரேஷ்ட விரிவுரையாளருடைய பெறாமகனின், அதாவது அண்ணன் மகனின், எழுத்து. மூன்று தடவை என்பது மட்டும் பிழை. முப்பது இருக்கும்.

"நான் பெட்டிசத்தை நம்புற ஆளில்லை," என்றார் பேராசிரியர். "எனக்கு எதிரா வந்த இருபத்தேழு பெட்டிசத்திலை ஒண்டைக்கூட நான் நம்பேல்லை. ஆனால் விதி எண்டு ஒண்டிருக்கு. வாற சனிக்கிழமை களச் சரிபார்ப்புக் குழு போகும். நீரும் வாரும். அங்கை ஒருத்தர் உம்மைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் ஆய்வேடு வெட்டு. உமக்குப் பொதுப் பட்டம்."

"குழுவிலை ஆர் ஆர், சேர்?"

"நான், மச்சான், அடைக்கலநாதன். நடுநிலையான குழு."

அன்று பின்னேரமே புன்னைத்துறைக்கு ஓடினேன். மாமா கேட்டுவிட்டு, "வரட்டும் அவங்கள், உண்மையைச் சொல்லுவம், மருமோன் எண்டு!" என்று எழும்பினார். மாமி அவரை இருத்தினார்.

"உண்மையைச் சொன்னால் பொடியன்ரை படிப்புப் போகுமாம். உங்களுக்கு விளங்கேல்லையே? அவையளுக்கு அவன் ஆருமில்லாதவனா இருந்தால்தான் பட்டம் குடுப்பினமாம்."

"உதென்ன படிப்பு?"

"அதை அவனே அறியான். நீங்கள் பேசாமல் இருங்கோ."

மாமி பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஊரைக் கூப்பிட்டார். முற்றத்தில் பத்துக் குடும்பமும் கூடியது. நான் படலையால் உள்ளே வருவேன். அவர்கள் என்னைத் தெரியாதவர்கள்போல் இருக்க வேண்டும். இதுதான் ஒத்திகை.

"தெரியாத ஆளைக் கண்டால் நாங்கள் என்ன செய்யிறம்?" என்று மாமி கேட்டார்.

"ஆரெண்டு கேக்கிறம்," என்றது முற்றம் முழுதும்.

"கேட்டால் சொல்லிப் போடுவான். சொன்னால் தெரிஞ்சு போடும். கேக்காதையுங்கோ."

அது அவர்களால் முடியாத காரியமாக இருந்தது. ஒரு மனிதன் படலையால் வருகிறான், அவன் யாருடைய ஆள் என்று கேட்காமல் இருப்பதா? ஒருவர் வானத்தைப் பார்த்தார். ஒரு பெண் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்தினார். எதிர்வீட்டுத் தம்பிஐயா என்னைத் தெரியாதென்று காட்டுவதற்காக என்னைப் பார்த்துக் காறித் துப்பினார். அது அளவு கூடிவிட்டது என்று மாமி திருத்தினார். மாமாதான் மோசம். நான் வர வர அவர் முகம் தன்பாட்டில் சிரித்தது.

"உங்களாலை ஏலாதோ?" என்று மாமி சீறினார். "அண்டைக்குப் பொம்பிளை பாக்க வந்தநேரம், சின்னனிலை இருந்து ஒண்டா விளையாடின என்னை, முன்னைபின்னைக் காணாத மாதிரிப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்தானே? அப்பிடி இருங்கோ!"

மாமாவின் முகம் உடனே சரியான பதத்துக்கு வந்தது. பர்மா போன தண்டையல் அன்றைக்கு எவ்வளவு பயந்திருக்கிறார் என்பதையும் ஊர் கண்டது.

*

சனிக்கிழமை காலை பத்தரைக்குப் பேராசிரியரின் மொறிஸ் மைனர் வாசிகசாலைக்கு முன்னால் நின்றது. பத்துக் குடும்பத் தலைவர்களும், கடைசியில் பாலேஸ்வரி மாமியும், வரிசையாக நின்றார்கள். ஊரில் மற்றவர்கள் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் காரின் பின் ஆசனத்திலிருந்து வெள்ளைத் தொப்பியோடு இறங்கினேன்.

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. நல்ல நடிப்பு. ஆடுகூட விலகிப் போனது. சிரேஷ்ட விரிவுரையாளர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனார்: "உவரைத் தெரியுமோ?" "தெரியாது." "கண்டிருக்கிறீரோ?" "எங்கை, இல்லை." தம்பிஐயா துப்பாமல் பதில் சொன்னார். மாமா, பெண்பார்க்கப் போன முகத்தோடு, "தெரியாது, ஐயா" என்றார்.

பாலேஸ்வரி மாமியின் முறை வந்தது.

"உவரை இப்பத்தான் காணுறன்," என்றார் மாமி. பிறகு என்னை ஒருதரம் பார்த்தார். அந்தக் கிழமை நான் பயத்தில் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. "நல்லா மெலிஞ்சு போனார், பாவம்."

பேராசிரியர் சட்டென்று திரும்பினார். "இப்பத்தான் கண்டனீர். மெலிஞ்சது எப்பிடித் தெரியும்?"

"காற்சட்டை சொல்லுதெல்லே, ஐயா. ஆரோ கொழுத்த ஆளுக்குத் தைச்சது மாதிரிக் கிடக்கு."

பேராசிரியர் என் காற்சட்டையை ஆராய்ந்து, "கூர்மையான அவதானம்" என்று குறித்துக்கொண்டார். முடிந்தது என்று நினைத்தேன். காரை நோக்கி ஒரு அடி வைத்துமிருந்தேன். அப்போது அடைக்கலநாதன் இருமினார்.

"சேர், விதி ஏழு, உபபிரிவு ஈ. வாய்மொழி உறுதி இன்னும் எடுக்கேல்லை."

"ஓ, ஓம். ஆய்வாளனும் சொல்லவேணும். வாசியும், அன்புராஜா. எல்லாருக்கும் கேக்கத்தக்கதா."

ஒரு தாளைத் தந்தார்கள். நான் மிசன் பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிகளில் பரிசு வாங்கியவன். வசனத்தை எங்கே நிறுத்த வேண்டும், எங்கே உயர்த்த வேண்டும் என்று தெரியும். அந்த வரிசையைப் பார்க்காமல், பேராசிரியருடைய சட்டையின் மூன்றாவது பொத்தானைப் பார்த்து வாசித்தேன்.

"'இங்கு நிற்கும் ஆட்கள் இரத்தத்தாலோ மணத்தாலோ உணவாலோ எவ்வகையிலும் எனக்கு உறவினரல்லர் என உறுதிகூறுகிறேன். இவர்கள் எனக்கு ஒருவருமில்லை. இவர்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு…'"

அவ்வளவுதான் வாசித்தேன். தொப்பி பறந்தது. கன்னத்தில் அடி விழுந்த பிறகுதான் அடிக்கிற சத்தம் கேட்டது.

மாமா எனக்கு முன்னால் நின்றார். கை இன்னும் அந்தரத்தில். என்னைத் தெரியாது என்று சத்தியம் பண்ணுவதற்கு அவர் ஆயத்தமாக இருந்தார். அதை எழுதியும் கொடுத்தார், வாயாலும் சொன்னார். நான் அவரைத் தெரியாது என்று சொல்வதை அவர் ஒத்திகை பார்க்கவில்லை.

"வாய் கூசேல்லையோடா உனக்கு?" என்றார். அவருடைய கண்ணைப் பார்க்க முடியவில்லை. "எழுதினதெண்டால் அப்பிடியே வாசிப்பியோ?"

மாமி ஓடிவந்து அவருடைய கையைப் பிடித்தார். "உங்களுக்கென்ன விசரோ? அவையளுக்கு முன்னாலை என்ன உரித்திலை அடிச்சனீங்கள்?" என்று பல்லுக்குள்ளால் கேட்டார். உரித்து என்றால் எங்கள் பக்கத்தில் உறவு என்றும் பொருள், உரிமை என்றும் பொருள். ஒன்றிருந்தால் மற்றதும் இருக்கும் என்பதால் இரண்டுக்கும் ஒரு சொல்லே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

எனக்குக் கடைசியாக அடித்தவர் என் அப்பா. அவர் செத்து ஒன்பது வருடம். பிறத்தியான் பிள்ளைக்கு ஒருவன் கை வைக்க மாட்டான் என்பது குடாநாட்டில் நடக்கத் தொடங்கிய குழந்தைக்கும் தெரியும். கன்னம் எரிந்தது. உதவி விரிவுரையாளர் பதவி, போதகருடைய ஜெபம், அம்மாவின் பாடகர் குழு எல்லாம் அந்தத் தொப்பியோடு மணலில் உருள்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விசித்திரம் என்னவென்றால், அழுகை வந்தது அதற்காக இல்லை.

"மச்சான்!" என்றார் பேராசிரியர். குரல் நடுங்கியது. "கண்டீரோ?"

"கண்டன், அத்தார்."

"தாக்குதல்! ஆய்வாளன் மேலை நேரடித் தாக்குதல்! புத்தகங்களிலை வாசிச்சிருக்கிறன், கண்ணாலை காணுறது இதுதான் முதல்தரம்." அவர் பேனாவைத் திறந்து, நின்றநிலையிலேயே உரத்துச் சொல்லிக்கொண்டே எழுதினார். "'உள்ளூர்வாசிகள் ஆய்வாளனைக் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. அவனது இருப்பே அவர்களுக்குச் சினமூட்டியது. அந்நியத்தன்மை ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்பட்டது.' அன்புராஜா, உம்மை நான் குறைச்சு மதிச்சிட்டன். ஒரு வருசம் பழகியும் ஒருத்தரைக்கூட நெருங்க விடேல்லை நீர். இதெல்லோ மானிடவியல்!"

சிரேஷ்ட விரிவுரையாளர் தலையாட்டினார். அவருடைய பெறாமகனின் பதவி போகிறது என்ற துக்கம் இருந்தாலும், அறிவுக்கு முன்னால் அவர் தலையாட்டித்தான் பழக்கம். அடைக்கலநாதன் மட்டும் என் கன்னத்தையும் மாமாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து, தொப்பியை எடுத்து, மண்ணைத் தட்டி என்னிடம் தந்தார். அவர் மானிடவியல் படிக்காதவர்.

"சம்பவ அறிக்கை ஒண்டு வேணும், சேர்," என்று அவர் மெதுவாகச் சொன்னார். "அடிச்சவர் கையெழுத்து வைக்கவேணும்."

"கட்டாயம். வையும், ஐயா, இதிலை," என்று பேராசிரியர் மாமாவிடம் தாளை நீட்டினார். "பயப்பிடாதையும். உம்மிலை ஒரு வழக்கும் வராது. நீர் உம்முடைய பண்பாட்டின்படிதான் நடந்திருக்கிறீர்."

"அது சரி," என்றார் மாமா.

மாமி மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். கார் மூடியில் தாளை வைத்து மாமா பெயரை எழுதினார். தாளில் அடுத்த கட்டம் 'ஆய்வாளருடனான தொடர்பு'. அங்கே பேனா நின்றது. மாமி என்னைப் பார்த்தார். நான் தொப்பியைப் பார்த்தேன். ஊரே வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. மாமா கடைசியில் பெரிய எழுத்தில், கட்டத்துக்கு வெளியிலும் போகும்படி, இரண்டு சொல் எழுதினார்.

'அடிக்க உரித்துடயவன்.'

பேராசிரியர் தாளை வாங்கி வாசித்தார். கண்ணாடியை உயர்த்தி இன்னொரு தரம் வாசித்தார். அவருடைய புருவம் நெருங்கியது. அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"உரித்துடையவன்," என்றார். டகரத்துக்கு முன்னால் ஐகாரத்தைக் கவனமாகச் சேர்த்து, பக்கத்தில் தன் சுருக்கொப்பமும் வைத்தார். "ஐகாரம் விட்டிட்டீர்."

தாளின் அடியில் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது, சிறப்பு' என்று எழுதினார். அடைக்கலநாதன் முத்திரையை ஊதி, கார் மூடி அதிரக் குத்தினார்.

"அடுத்தமுறை கவனியும்," என்றார் பேராசிரியர், காரில் ஏறிக்கொண்டு.

"ஓம், ஐயா," என்றார் மாமா. "அடுத்தமுறை உவனுக்கு அடிக்கேக்கை வடிவா எழுதுறன்."